எல்லைக்கோடு – 7: கோட்டையடி மைதானம்

ராயல் கல்லூரிப் பையன்கள் பதினொரு பேரும் சேர்ந்து எடுத்தது ஒன்பதே ரன். எதிரே புனித தோமையார் கல்லூரி. ஆண்டு 1885, ஊர் கொழும்பு. தோல்வி கண்முன் நிற்கும்போது மறுநாள் காலை அந்தப் பையன்கள் எந்த முகத்தோடு மைதானத்துக்கு வருவார்கள்? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

அவர்கள் வரவில்லை. ஆட்டம் தொடரவே இல்லை.

தோமையார் கல்லூரி அதைத் தன் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டது. ராயல் அதை 'டிரா' என்று எழுதிக்கொண்டது. நூற்றாண்டு கடந்த பிறகும் இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் 1886இல் அதே இரண்டு கல்லூரிகளும் மறுபடி எதிரெதிரே நின்றன. இரண்டு உலகப் போர்களின்போதும் அவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்த பென்சில்வேனியாவும் இப்படித்தான். லாஃபயட், லீஹை என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு சிறிய கல்லூரிகள். இலையுதிர்காலம் முற்றிய நவம்பரில் அவர்களுக்கு ஒரு சனிக்கிழமை உண்டு. 1884இல் தொடங்கிய அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒரே ஓர் ஆண்டுதான் நடக்காமல் போனது. 1896இல் லாஃபயட்டின் ஜார்ஜ் பார்க்லே என்ற ஆட்டக்காரர் ஆடத் தகுதியுள்ளவரா என்று தகராறு வந்து, லீஹை ஆட மறுத்துவிட்டது. 2014இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்தது 150ஆவது ஆட்டம்.

ஏசலாம், கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளலாம், ஒரு வருடம் முறுக்கிக்கொண்டும் போகலாம். அடுத்த வருடம் எதிராளி வந்து நிற்பான் என்ற நம்பிக்கை மட்டும் கெடாது. கல்லூரிப் பகை உயிரோடிருப்பது அந்த நம்பிக்கையால்தான்.

எதிராளி வருவானா, நாம் இருப்போமா, மைதானம் இருக்குமா என்ற மூன்றுமே தெரியாத ஓர் ஊரில் இப்படியொரு போட்டி நடந்தால்?

அந்த ஊருக்குத்தான் இந்த வாரம் போகிறோம்.

* * *

போகுமுன் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. தமிழக-கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியிலிருந்து கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் கொல்லங்கோடு. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தன் பொள்ளாச்சியில் 1957இல் தொடங்கிய நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரிக்குப் போவான். அடுத்த வீட்டுக்காரன் 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் போவான். கல்லூரி பிரிந்ததும் இருவருக்கும் நடுவே ஒரு சீண்டல் முளைக்கும். கிழக்கே போனவன் கிரிக்கெட்டைப் பேசுவான், மேற்கே போனவன் கால்பந்தைப் பேசுவான். மாலையில் இரண்டு பேரும் ஒரே திடலில்தான் நிற்பார்கள். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரே தெருவில் இருந்துகொண்டு நூற்றாண்டுக்கும் மேலாக மோதும் இரண்டு தமிழ்க் கல்லூரிகளின் கதை எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

யாழ்ப்பாணத்தின் பிரதான வீதி. ஒரு முனையில், கோட்டைக்குப் பக்கமாக, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. அங்கிருந்து கிழக்கே நடந்தால் கத்தோலிக்கர்களின் புனித பத்திரிசியார் கல்லூரி வரும். அதையும் தாண்டிச் சுண்டிக்குளியில் புனித யோவான் கல்லூரி. சைக்கிளில் போனால் வியர்க்குமுன் சேர்ந்துவிடலாம். இந்த மத்திய கல்லூரியும் யோவான் கல்லூரியும் ஆண்டுதோறும் மார்ச்சில் மோதும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெருஞ்சமர்' என்று பெயர்.

* * *

1814 ஆகஸ்டில் ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்குவான்ஸ் என்ற இரண்டு வெஸ்லியன் பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய சபை தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் பின்னாளில் மத்திய கல்லூரி ஆனது. நான்கு ஆண்டு கழித்து இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரியாக ஜோசப் நைட் நல்லூருக்கு வந்தார். 1823இல் அவர் தொடங்கிய பள்ளி பிறகு சுண்டிக்குளிக்கு இடம்பெயர்ந்து, 1891இல் புனித யோவான் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அதே 1823இல் அமெரிக்கர்கள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் திறந்தார்கள். ஒரு சின்னக் குடாநாட்டில் மூன்று மிஷன்கள், ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துப் பள்ளி கட்டின. பையன்கள் மட்டையைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே பாதிரிமாருக்குள் போட்டி தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மத்திய கல்லூரியில் ஒரு மாணவர் இருந்தார். நல்லூரில் 1822இல் பிறந்தவர். அங்கே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக பைபிளைத் தமிழாக்கும் வேலையில் உட்கார்ந்தார். 1848இல் வேலையை உதறிவிட்டு வெளியேறி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர்தான் ஆறுமுக நாவலர். பெர்சிவலையும் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்; பிறகு சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர் அவரே. சைவத்துக்காக எதிர்ப்பள்ளி கட்டியவரும் மிஷன் பள்ளியின் பிள்ளைதான். யாழ்ப்பாணத்தில் போட்டி என்பது பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்குள் மூண்டது.

1904இல் மத்திய கல்லூரியும் யோவான் கல்லூரியும் முதல் முறையாக கிரிக்கெட்டில் மோதின. அப்போது கொழும்புக்கு நேரடி ரயில்கூட இல்லை. அந்தப் பாதை முழுதாக இணைந்தது 1905 ஆகஸ்டில்தான். அதே 1905 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் படித்த இளம் ஆங்கில அதிகாரி ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கோட்டை மதிலின் மேலிருந்த பங்களாவில் குடியேறினார். பெயர் லெனார்ட் வுல்ஃப். எழுத்தாளர் வர்ஜீனியாவைப் பின்னாளில் மணந்தவர். மதிலுக்கு உள்ளே அதிகாரிகள் இருந்தார்கள். வெளியே, கூப்பிடு தூரத்தில், தமிழ்ப் பையன்கள் ஆளுகிறவர்களின் ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள்.

மதிலுக்குள் இருப்பவர்கள் அடுத்தடுத்து மாறப்போகிறார்கள். வெளியே ஆடுகிறவர்களுக்கு அதனால் என்ன நேரும்?

* * *

அதற்கு முன், ஒரு சமர் நாளை உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

இப்போது மூன்று நாள் ஆட்டம். இடம் மத்திய கல்லூரி மைதானம். சுற்றிலும் இருப்பவை யாழ்ப்பாணத்தின் முழு வரலாறு: ஒருபக்கம் டச்சுக்காரர் கட்டிய ஐங்கோணக் கோட்டை, அருகே முனியப்பர் கோயில், வெள்ளையாய் நிமிர்ந்து நிற்கும் பொதுநூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, சற்றுத் தள்ளி மணிக்கூட்டுக் கோபுரம், பண்ணைக் கடல். மார்ச் வெயில் அந்தக் கடலில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பி அடிக்கும்.

காலை ஒன்பதுக்கு முன்பே தெருவில் வாகன ஊர்வலம் கிளம்பிவிடும். சிவப்பும் கறுப்பும் என்றால் யோவான். நீலம் என்றால் மத்தி. டிராக்டர், ஆட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாவற்றிலும் கொடி பறக்கும். ட்ரம்பெட்டும் மேளமும் சேர்ந்த பப்பரே இசை கொழும்புப் போட்டிகளிலிருந்து வடக்குக்கு வந்தது. இன்று அது இல்லாமல் சமர் இல்லை. ஒரு விக்கெட் விழுந்தால் அரை மைதானம் எழுந்து ஆடும், மறு அரை மைதானம் தலையில் கைவைத்து உட்காரும். எல்லைக்கோட்டுக்கு வெளியே கச்சான் விற்கிறவரும் ஐஸ்பழம் விற்கிறவரும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்கள்.

பெண்களுக்கும் இதில் கட்சி உண்டு. வேம்படி மகளிர் கல்லூரி மெதடிஸ்ட் மிஷனின் பள்ளி, ஆகவே மத்தியின் சகோதரி. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி யோவானின் சகோதரி. அண்ணன் மத்தியிலும் தங்கை சுண்டிக்குளியிலும் படிக்கும் வீட்டில் மார்ச் மாதச் சாப்பாட்டு வேளை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடாரத்துக்குள் பழைய மாணவர்கள். லண்டன், டொரண்டோ, மெல்பர்ன் என்று சிதறிப்போனவர்கள் வருடாந்தர விடுப்பை மார்ச்சுக்கு மாற்றி வைத்துக்கொண்டு வருகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஊரைப் பார்க்க வருகிறார்கள். சமருக்கு வருகிறவர்கள் தமது பதினேழாவது வயதைப் பார்க்க வருகிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பு தன்னை ஆட்டமிழக்கச் செய்தவனை ஒரு முதியவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஊர் தன்னைத்தானே கூடிப் பார்த்துக்கொள்ள வருடத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது? சாதிக்கென்று கோயில் திருவிழா உண்டு, கட்சிக்கென்று கூட்டம் உண்டு. எதிரியும் அவசியம் வந்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் விரும்பும் கூட்டம் இது ஒன்றுதான்.

இந்த மண்ணில் மத்திய கல்லூரிக்காகச் சுழல்பந்து வீசிய ஒரு பையன் பிறகு வெளியே போனான். 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா அணிக்காக முதன்முறை இறங்கி, இலங்கையின் முன்னாள் கேப்டன் ஏஞ்சலோ மேத்யூஸின் விக்கெட்டை எடுத்தான். விஜயகாந்த் வியாஸ்காந்த். 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்காகவும் அவர் பந்துவீசியதை நம்மூர் டிவியிலேயே பார்த்தோம். அவருக்கும் முன்னால் இந்த மைதானத்தில் எத்தனையோ வியாஸ்காந்த்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் ஏன் வெளியே தெரியவில்லை?

விடை மைதானத்தைச் சுற்றியிருக்கும் கட்டடங்களில் இருக்கிறது.

* * *

துரையப்பா விளையாட்டரங்கு. அதற்குப் பெயர் தந்த ஆல்ஃபிரட் துரையப்பா யோவான் கல்லூரியின் பழைய மாணவர், யாழ்ப்பாண மேயர். 1959இல் பொதுநூலகத்தைத் திறந்து வைத்தவர். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்தது அவர் திறந்த நூலகம். 1981 மே 31 இரவு. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. பத்திரிசியார் கல்லூரிப் பக்கமிருந்து அந்த நெருப்பைப் பார்த்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்விட்டார் என்று யாழ்ப்பாணம் இன்றும் சொல்கிறது. கிரிக்கெட் மைதானத்துக்கும் அந்தச் சாம்பலுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

பிறகு கோட்டை. வுல்ஃப் குடியிருந்த மதிலுக்குள் இப்போது இலங்கை ராணுவம். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு கோட்டையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு வண்டியையும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஆயுதமேந்திய தமிழ் இயக்கங்கள் பெருகின. பதினேழு வயதுப் பையன்களில் ஒருத்தன் அணிக்குத் தேர்வாவான், இன்னொருத்தன் ஒருநாள் காலையில் வீட்டில் இருக்க மாட்டான். படகேறி இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போயிருப்பான்.

இந்த நிலையில்தான் 1985 ஜூன் வருகிறது.

* * *

ஜூன் 18 அன்று அரசுக்கும் இயக்கங்களுக்கும் இடையே போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. பூட்டான் தலைநகர் திம்புவில் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வெடிச்சத்தம் இல்லாத சில நாட்கள் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தன.

யோவான் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜா. 1976 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். எண்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மார்ச்சிலும் எதிராளியை எதிர்கொண்டு கைகுலுக்கிப் பிரிந்து பழகிய கல்லூரி அவருடையது. அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் தலைவர், போர் ஓய்ந்த ஒரு வாரத்தில், பகையைத் தணிக்கத் தனக்குத் தெரிந்த வழி எதுவோ அதைத்தான் எடுப்பார். தன் மாணவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. ராணுவத்தின் கையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அந்த ஊரில் எத்தனையோ. அந்த வீட்டுக்காரர்களுக்கு இப்படியொரு ஆட்டம் எப்படிப் பட்டிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஓர் ஆசிரியர் மட்டையையும் பந்தையும் நம்பியது மரணத்துக்குரிய குற்றம் என்று எந்த நியாயத்தைக் கொண்டும் என்னால் ஏற்க முடியாது.

போர்நிறுத்தம் தொடங்கி எட்டு நாள் கழித்து, 1985 ஜூன் 26. அதிபர் ஆனந்தராஜா சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது விடுதலைப் புலிகள் என்று மனித உரிமைப் பதிவுகள் பின்னாளில் எழுதின.

யாழ்ப்பாணத்துப் பள்ளிகளுக்கு அன்று ஒரு செய்தி சொல்லப்பட்டது. யாரோடு ஆடலாம், யாரோடு ஆடக்கூடாது என்பதை இனிப் பள்ளிகள் முடிவுசெய்ய முடியாது. எதிராளி என்றால் அடுத்த வருடமும் வேண்டியவன் என்று ஒரு கல்லூரி வழிவழியாகச் சொல்லிக்கொடுத்ததை, எதிராளி என்றால் இருக்கக்கூடாதவன் என்ற இன்னொரு பாடம் வந்து அழித்தது. அந்த இரண்டாவது பாடத்தைத் துப்பாக்கி ஏந்திய எல்லாத் தரப்பும் படித்து வைத்திருந்தன.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 8 அன்று, திம்புவில் பேச்சு தொடங்கியது. ஆகஸ்டில் முறிந்தது.

* * *

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

2019 மார்ச்சில் மத்திய கல்லூரி மைதானத்தில் நாணயம் சுண்டப்பட்டபோது அறிவிக்கப்பட்டது 113ஆவது வடக்கின் பெருஞ்சமர். 1904இலிருந்து ஆண்டுக்கு ஒன்று என்று விரல்விட்டு எண்ணினால் 116 வர வேண்டும். வித்தியாசம் மூன்று.

1983 முதல் 2009 வரை நடந்தது இருபத்தாறு ஆண்டுப் போர். அதில் 1987 அக்டோபரில் இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் புகுந்தது. மத்திய கல்லூரிக்குப் பக்கத்திலிருக்கும் போதனா மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 1995 அக்டோபர் இறுதியில் ஓரிரவில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. பாடசாலைகள் முகாம்களாயின, மாணவர்கள் அகதிகளாயினர். இவ்வளவுக்கும் பிறகு, அந்த எண்ணை நம்பினால், கணக்கில் குறைவது மூன்றே ஆட்டங்கள்.

பென்சில்வேனியாவில் ஒரே ஓர் ஆட்டக்காரரின் தகுதிப் பிரச்சினை ஓர் ஆண்டை விழுங்கியது. யாழ்ப்பாணத்தில் போர் விழுங்கியது எவ்வளவு, மீட்டது எவ்வளவு? மட்டையும் பந்தும் எங்கிருந்து வந்தன? பொருளாதாரத் தடை இருந்த ஊருக்குள் பேட்டரிகூட வராத காலத்தில் ஒரு தோல் பந்து எப்படி வந்தது?

இந்தக் கேள்விகளுக்குள் போக ஒரு தேதியிலிருந்து தொடங்க வேண்டும். 1990 ஜூன். இந்திய ராணுவம் போய் மூன்றே மாதம். மறுபடி போர் மூண்டு, கோட்டைக்குள் இலங்கை ராணுவம் சிக்கிக்கொண்டது. வெளியே புலிகளின் முற்றுகை. வானிலிருந்து குண்டு, மதிலிலிருந்து ஷெல். செப்டம்பர் இறுதியில் ராணுவம் கோட்டையைக் கைவிட்டுக் கடல் வழியே வெளியேறும்வரை அந்தப் பகுதியில் மனித நடமாட்டம் இல்லை.

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மத்திய கல்லூரி மைதானம்.

அடுத்த மார்ச்சுக்கு ஆறே மாதம். அணிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம். யோவானின் பையன்கள் பிரதான வீதியில் சைக்கிளை மேற்கே திருப்பிக்கொண்டு வந்தால், அவர்கள் கண்ணில் படப்போவது என்ன?

(அடுத்த வாரம்: முற்றுகைக்குப் பின் முதல் மார்ச்)